ஓர் உதிரிப் பாகத்தைத் தேடி: திமிஷ்க் முதல் ஓசூர் வரை

மர்ஹூம் எங்கள் அத்தா, கிருஷ்ணகிரியை அடுத்த சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில் நெடுங்காலம் மோதினாராகப் பணியாற்றியவர். 1974-ஆம் ஆண்டு ரமலான் பிறப்பதற்குச் சற்று முன்னர், ஜமாஅத்தார் தமக்குள் சந்தா சேர்த்து அவருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தனர். எச்.எம்.டி. நிறுவனத்தின் ‘ஜனதா’ என்னும் கடிகாரம் அது. அதுவரை பள்ளியின் சுவர்க் கடிகாரத்தையும் வெயிலின் நிழலையும் நம்பியே பாங்கு சொல்லப்பட்டு வந்தது. சுவர்க் கடிகாரம் தன் விருப்பம்போல் முந்தும், பிந்தும். தேநீர்க் கடை வானொலியில் மணி அறிவிக்கும்போது அதைத் திருத்தி வைப்பர். கைக்கடிகாரம் வந்த பிறகு, நோன்பு திறக்கும் வேளையில் ஊரார் அனைவரின் கண்களும் அத்தாவின் இடக்கை மணிக்கட்டின் மீதே இருக்கும். அவர் தலையசைத்த பின்னரே நகரா முழங்கும்.

சுபுஹுத் தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்தெழுந்ததும் அதற்குச் சாவி கொடுப்பது அவர் வழக்கம். பிள்ளைகள் எவரையும் தொட விடமாட்டார். “இது என்னுடையதன்று, ஜமாஅத்தின் அமானிதம்” என்பார். தம் இறுதி நாட்களிலும், இது வாரிசுகளுக்குரிய பொருளன்று, பள்ளிக்கே சேர வேண்டும் என்று சொல்லிச் சென்றார். நான்தான் காலம் தாழ்த்தினேன். அலமாரியில் துணிக்குள் சுற்றி வைத்திருந்த அதனைப் பல்லாண்டுகளுக்குப் பின் எடுத்துப் பார்த்தபோது, சாவியை எத்தனை முறை திருகினாலும் இறுக்கம் ஏறவில்லை. உள்ளேயிருந்த முறுக்குச் சுருள் அறுந்து போயிருந்தது. ஓடும் நிலையில் பெற்ற அமானிதத்தை ஓடாத நிலையில் திருப்பிக் கொடுப்பது எப்படி?

பணி ஓய்வுக்குப் பின் பொழுது நிறைய இருந்தது. ‘நாமே பழுது பார்த்தால் என்ன?’ என்றொரு பேராசை தோன்றிற்று. ஒரு சாமணமும், சிறு திருப்புளிகளும், கண்ணில் செருகிக் கொள்ளும் பூதக்கண்ணாடியும் வாங்கினேன். பின்மூடியைத் திறந்த முதல் நாளிலேயே சாமணத்தின் முனை தவறிப் பட்டு, ‘ஹேர் ஸ்பிரிங்’ என்று கடைக்காரர்கள் கூறும் மயிரிழைச் சுருள் சிக்கி நெளிந்து விட்டது. ஓசூரில் பேருந்து நிலையப் பக்கம் சிறு பெட்டிக் கடையில் அமர்ந்து ஐம்பதாண்டுகளாக இத்தொழில் செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “பாய், இதற்கு இரண்டு நோய். ஒன்று காலம் கொடுத்தது. மற்றது நீங்கள் கொடுத்தது. இரண்டுக்கும் மருந்து உண்டு. ஆனால் மருந்து விற்கும் கடைதான் இப்போது இல்லை.”

அன்று தொடங்கிய உதிரிப் பாகத் தேடல் என்னைக் கடைத் தெருவுக்கு மட்டுமின்றி வரலாற்றுக்குள்ளும் அழைத்துச் சென்றது. பழுதுற்ற கடிகாரத்தை மீட்கும் இதே கவலை, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் திமிஷ்க் நகரத்து மகனொருவருக்கும் நேர்ந்திருக்கிறது என்பதை அறிந்தபோது பெரு வியப்படைந்தேன்.

தந்தையின் கடிகாரமும் தனயனின் நூலும்

நேரம் அறிவது முஸ்லிம்களுக்கு வெறும் உலகியல் தேவை அன்று. ஐவேளைத் தொழுகைக்கும் ஒவ்வொரு வக்து உண்டு. நோன்பு வைப்பதற்கும் திறப்பதற்கும் எல்லை உண்டு. திருமறையின் ‘அல்-அஸ்ர்’ அத்தியாயம் காலத்தின் மீது சத்தியம் செய்தே தொடங்குகிறது. ஆகவேதான் இஸ்லாமிய உலகில் வானநூலும் கடிகாரக் கலையும் பள்ளிவாசலின் நிழலில் வளர்ந்தன. கலீபா ஹாரூன் அல்-ரஷீத், பிராங்கியப் பேரரசர் சார்லிமேனுக்குக் கி.பி. 807-இல் அனுப்பிய பித்தளை நீர்க்கடிகாரத்தைப் பற்றி அந்நாட்டுக் குறிப்பேடுகளே பேசுகின்றன. மணிக்கொரு முறை உலோகக் குண்டுகள் கீழே விழுந்து ஒலியெழுப்புமாம். பன்னிரண்டாம் மணியில் பன்னிரு குதிரை வீரர்களின் உருவங்கள் சாளரங்களின் வழியே தோன்றுமாம். பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் எகிப்து, சிரியா நாடுகளின் பெரிய பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்னும் நேரக் கணிப்பாளர் பதவியே ஏற்பட்டு விட்டது.

திமிஷ்க் நகரின் உமையாப் பெரும்பள்ளியில், ஜைரூன் வாயிலருகே புகழ் வாய்ந்த நீர்க்கடிகாரம் ஒன்று இருந்தது. சுல்தான் நூருத்தீன் மஹ்மூத் ஆட்சிக் காலத்தில் அதனை அமைத்தவர், குராசானிலிருந்து வந்து குடியேறிய முஹம்மத் என்பவர். கடிகாரம் செய்பவர் என்னும் பொருளில் ‘அஸ்-ஸாஅத்தீ’ எனச் சிறப்பிக்கப்பட்டவர் அவர். 1184-இல் அந்நகருக்கு வந்த அந்தலூஸ் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர் அக்கடிகாரத்தைக் கண்டு வியந்து வருணித்திருக்கிறார். பித்தளைப் பருந்துகள் இரண்டு தம் அலகிலிருந்து குண்டுகளைப் பித்தளைக் கலங்களில் போடும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கதவு. இரவில் விளக்கொளியால் வட்டங்கள் சிவந்து நேரம் காட்டும்.

அமைத்தவர் மறைந்தார். அதன்பின் கடிகாரம், நுட்பம் முழுதறியாதவர் கைகளில் சிக்கிப் பழுதுற்றது. அவருடைய மகன் ரித்வான் ஒரு மருத்துவர். பிற்காலத்தில் அமைச்சராகவும் விளங்கியவர். தந்தையின் கடிகாரத்தைச் சீர்ப்படுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் அதனைச் செப்பனிட்டார். அத்துடன் அமைந்தாரில்லை. ஹிஜ்ரி 600-இல், அதாவது கி.பி. 1203-இல், அக்கடிகாரத்தின் ஒவ்வோர் உறுப்பும் எத்தன்மையது, எங்கே பொருந்துவது, எவ்வாறு செய்வது என்பதையெல்லாம் படங்களுடன் விரித்து ஒரு நூல் எழுதினார். இன்று ஜைரூன் வாயிலில் அக்கடிகாரம் இல்லை. ஆயினும் அந்நூல் இருக்கிறது. அதைக் கொண்டு பருந்தின் அலகு முதல் நீர்த்தொட்டி வரை யாவற்றையும் அறிஞர்கள் விளக்குகின்றனர்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1206-இல், அர்துக்கிய மன்னர்களின் அவையில் ஆமித் நகரில் பணியாற்றிய அல்-ஜஸரீ தம் பெருநூலை முடித்தார். யானை வடிவக் கடிகாரம் முதலிய பல பொறிகளின் அளவுகளையும் செய்முறைகளையும், வேறொரு கைவினைஞர் படித்துச் செய்யத் தக்க வகையில் அவர் எழுதி வைத்தார். பொறியைச் செய்தவர் உலகில் பலர். அதனைப் பழுது பார்க்கப் பின்வருவோருக்கு வழி எழுதி வைத்தவர் சிலரே.

அதே உமையாப் பள்ளியின் முவக்கித்தாகப் பின்னாளில் விளங்கிய இப்னு ஷாத்திர், 1371-72-இல் மினாராவில் ஒரு பெரிய சூரியக் கடிகாரத்தை நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது உடைந்தபோது, அல்-தன்தாவி என்னும் அறிஞர் மூலத்தை ஒத்த மற்றொன்றைச் செய்து அதே இடத்தில் வைத்தார். உடைந்த மூலத்தின் துண்டுகள் திமிஷ்க் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. சுருளை நெளித்துவிட்டு நாணி நின்ற எனக்கு இச்செய்தி ஓரளவு ஆறுதலளித்தது.

நீர்க்கடிகாரத்திலிருந்து பற்சக்கரக் கடிகாரத்திற்கு வந்த காலத்திலும் நம்மவர் பின்தங்கிவிடவில்லை. இஸ்தான்பூலில் வானாய்வகம் கண்ட தகியுத்தீன், 1559 அளவில் இயந்திரக் கடிகாரங்களைப் பற்றித் தனி நூலே இயற்றினார். மணி, நிமிடம், அதனினும் நுண்ணிய பகுதி ஆகியவற்றைக் காட்டும் மூன்று முகப்புடைய கடிகாரத்தை வானாய்வுக்குப் பயன்படுத்தினார். ஆனால் 1577-இல் எழுந்த அவ்வானாய்வகம் 1580-இலேயே இடிக்கப்பட்டு விட்டது. கலை அறிந்தவர் இருந்தும், அதைத் தாங்கும் நிலையம் நிலைக்காவிடில் என்ன நேரும் என்பதற்கு இதுவே சான்று.

பாராமகாலும் திப்புவின் தூதர்களும்

இனி நம் நிலப்பகுதிக்கு வருவோம். கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் நாடும் ஓசூர்ப் பகுதியும் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் ஆட்சியில் அடங்கியிருந்தன. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை இன்றும் அதற்குச் சாட்சி. 1791-இல் ஓசூர் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் அவர்களுக்கு விடப்பட்டது.

திப்பு சுல்தானை வாளுடனும் புலியுடனும் மட்டுமே நினைக்கப் பழகி விட்டோம். காலக் கணிப்பிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. ‘மௌலூதி’ என்னும் புதிய ஆண்டுக் கணக்கையே தம் நாட்டில் புகுத்தினார். 1786-இல் துருக்கிச் சுல்தானிடம் அனுப்பிய தூதுக்குழுவினருக்கு அவர் இட்ட கட்டளைகளில், துப்பாக்கியும் கண்ணாடியும் பீங்கானும் செய்பவரோடு கடிகாரம் செய்ய வல்லவரையும் அழைத்து வர வேண்டும் என்பது ஒன்று. 1788-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரைச் சந்தித்த அவருடைய தூதர்களும் கைவினைஞர்களையே கேட்டனர். அவர்களோடு மைசூருக்குப் புறப்பட்ட பிரெஞ்சுக்காரர்களில் கடிகாரம் செய்வோரும் இருந்தனர்.

இதில் ஊன்றிக் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. அக்காலத்து நவாபுகளும் அரசர்களும் ஐரோப்பியக் கடிகாரங்களைப் பரிசாகப் பெற்று மகிழ்ந்தனர். பரிசாக வந்த கடிகாரம் நின்று விட்டால் அதோடு முடிந்தது. அது அரண்மனை மாடத்தில் வெறும் அழகுப் பொருளாகி விடும். திப்பு கடிகாரத்தை மட்டும் கேட்கவில்லை, கடிகாரம் செய்பவரையே கேட்டார். பொருளை வாங்குவதற்கும் கலையை வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிந்திருந்தார். 1799-இல் அவர் வீழ்ந்ததும் அம்முயற்சி சிதறிப் போயிற்று. அவர் விரும்பிய தொழில், அவர் ஆண்ட அதே நிலத்தில் வேரூன்ற ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

உதிரிப் பாகம் பிறந்த கதை

‘உதிரிப் பாகம்’ என்று இன்று எளிதாகச் சொல்கிறோம். இக்கருத்து மிகப் பழையதன்று. முற்காலத்தில் ஒவ்வொரு கடிகாரமும் தனித்தனியே அரத்தால் தேய்த்துப் பொருத்தப்பட்டது. ஒன்றின் சக்கரம் மற்றொன்றில் பொருந்தாது. பழுது பார்ப்பவர் அப்பாகத்தைத் தாமே புதிதாகச் செய்தாக வேண்டும். 1850-களில் அமெரிக்காவின் வால்தம் நகரில் இயந்திரங்களைக் கொண்டு ஒரே அளவில் உறுப்புகளைச் செய்யும் முறை வளர்ந்தது. 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த பொருட்காட்சியில் அதனைக் கண்ட சுவிட்சர்லாந்து நாட்டவர் திடுக்கிட்டுத் தம் முறைகளையும் மாற்றிக் கொண்டனர். ஒரு கடிகாரத்தின் உறுப்பை எடுத்து மற்றொன்றில் இடலாம் என்னும் வசதி இவ்வாறு பிறந்தது. சிற்றூர்ப் பெட்டிக் கடையில் ஒருவர் கடிகாரம் பழுது பார்த்துப் பிழைக்க முடிந்ததும் இதனாலேயே.

இந்தியாவுக்கு வந்தவை பெரும்பாலும் சுவிஸ் கடிகாரங்களே. பேவர் லூபா, வெஸ்ட் எண்ட் என்னும் பெயர்களை நம் பாட்டனார் தலைமுறை நன்கறியும். மலேயா, சிங்கப்பூர், பின்னாளில் வளைகுடா நாடுகள் என்று சபர் சென்று திரும்பிய நம்மவர்களின் பெட்டியில் அத்தரோடும் ஜப்பான் துணியோடும் ஒரு கைக்கடிகாரமும் இருக்கும். மாப்பிள்ளைக்குக் கடிகாரம் அணிவிப்பது மங்கல வழக்காகவே ஆயிற்று. ஆனால் அக்கடிகாரங்களின் உறுப்புகள் கடல் கடந்தே வரவேண்டும்.

இந்நிலையை மாற்றியது பெங்களூர். 1953-இல் சுவிட்சர்லாந்தின் ஓயர்லிக்கான் நிறுவனத் துணையுடன் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை, 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து கடிகாரப் பிரிவைத் தொடங்கிற்று. முதல் தொகுதிக் கடிகாரங்களை 1963-இல் பிரதமர் நேரு வெளியிட்டார். அத்தாவின் கையிலிருந்த ‘ஜனதா’ அம்மரபில் வந்ததே. நாள்தோறும் கையால் சாவி கொடுக்க வேண்டிய அதனுள் பதினேழு கற்கள் உண்டு. அதன் சமன்சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்புகள். ஓராண்டுக்கு ஏறத்தாழ 15 கோடியே 77 லட்சம். ஒரு நாளில் ஒரு நிமிடம் பிந்தினால் நாம் அதனைக் குறை கூறுகிறோம். கணக்கிட்டுப் பார்த்தால் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பிழையே.

ஓசூரில் எழுந்த ஆலை

பெங்களூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவில், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டியதும் ஓசூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே கடைத் தெருவில் ஒலிக்கும் ஊர் அது. வானம் பார்த்த பூமியாகக் கிடந்த இப்பகுதியில் 1970-களில் தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் தொழிற்பேட்டை அமைத்தது. மோட்டார் வாகன ஆலைகள் பின்தொடர்ந்தன. 1984-இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் டாடா குழுமமும் இணைந்து டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதன் ஆலை ஓசூரில் எழுந்தது. முதல் மேலாண்மை இயக்குநராக விளங்கியவர் செர்க்ஸஸ் தேசாய். 1987-இல் அதன் கடிகாரங்கள் சந்தைக்கு வந்தன.

ஏன் ஓசூர்? தமிழ்நாட்டு எல்லைக்குள் இருத்தல் வேண்டும், பின்தங்கிய பகுதிக்குரிய சலுகைகளும் கிடைக்க வேண்டும், அதே வேளையில் கடிகாரத் தொழிலறிந்த பெங்களூருக்கு அண்மையிலும் இருக்க வேண்டும். இம்மூன்றும் பொருந்திய இடம் இதுவே. எச்.எம்.டி.யில் பயின்ற பொறியாளர் பலர் இங்கு வந்தனர். அன்றைய தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களின் பள்ளிகளில் படித்து முடித்த இளைஞரும் இளம்பெண்களும் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்றனர். கேழ்வரகு விளையும் புன்செய் நிலத்துப் பிள்ளைகளின் விரல்கள், மயிரிழையினும் மெல்லிய உறுப்புகளைக் கோக்கக் கற்றன. அவ்வாலையே 2002-இல் ‘எட்ஜ்’ என்னும் பெயரில் 3.5 மில்லிமீட்டர் கனமே உடைய கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அதன் உள் இயக்கத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர்.

இங்கே வரலாற்றின் ஒற்றுமை ஒன்று உள்ளது. ஓசூர் ஆலைக்குத் தொழில்நுட்ப உதவி அளித்தவற்றுள் முதன்மையானது, பிரான்ஸ் நாட்டின் ‘பிரான்ஸ் எபோஷ்’ நிறுவனம். ‘எபோஷ்’ என்னும் பிரெஞ்சுச் சொல், கடிகாரத்தின் முற்றுப்பெறாத அடிப்படை இயக்கத்தைக் குறிக்கும். 1788-இல் பிரான்சிடம் கடிகாரக் கலைஞரைக் கேட்டார் மைசூர்ச் சுல்தான். அவர் நாட்டின் ஒரு மூலையாகிய இவ்வூருக்கு, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே பிரான்சிலிருந்து கடிகாரக் கலை வந்து சேர்ந்தது. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை. எனினும் எண்ணும்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது.

குவார்ட்ஸ் கொணர்ந்த மாற்றம்

ஓசூரில் பிறந்தவை சாவி கொடுக்கும் கடிகாரங்கள் அல்ல. அவை மின்கலத்தால் இயங்கும் குவார்ட்ஸ் கடிகாரங்கள். 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அதனுள் இருக்கும் படிகம் நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும். இன்று வழக்கிலுள்ளவற்றில் அவ்வெண்ணிக்கை 32,768. நொடிக்கு ஐந்து முறை துடிக்கும் சமன்சக்கரம் அதற்கு எப்படி ஈடாகும்? சுவிட்சர்லாந்திலேயே 1970-இல் சுமார் 90,000 ஆக இருந்த கடிகாரத் தொழிலாளர் எண்ணிக்கை, 1980-களின் நடுவில் ஏறத்தாழ 30,000 ஆகச் சுருங்கி விட்டது.

இம்மாற்றம் உதிரிப் பாகத்தின் பொருளையும் மாற்றி விட்டது. விலை குறைந்த குவார்ட்ஸ் கடிகாரம் பழுதுற்றால் உறுப்பை மாற்றுவதில்லை. உள் இயக்கம் முழுவதையும் கழற்றியெறிந்து வேறொன்றை வைத்து விடுகின்றனர். பழுது பார்ப்பவரின் வேலை பெரும்பாலும் மின்கலமும் வாரும் மாற்றுவதாகக் குறைந்தது. எச்.எம்.டி.யோ போட்டியில் தளர்ந்து நட்டத்தில் ஆழ்ந்தது. 2016 ஜனவரியில் அதன் கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தும்கூர் ஆலை நிலம் விண்வெளி ஆய்வு நிறுவனத்திற்குச் சென்றது. 2019-இல் பெங்களூரில் எச்.எம்.டி.க்கு ஓர் அருங்காட்சியகம் ஏற்பட்டது. உறுப்பு செய்த ஊரிலேயே உறுப்பு அரும்பொருளாகி விட்டது.

ஓசூர்ப் பெரியவர் தம் மகனைத் தொழிற்பேட்டையில் வேலைக்கு அனுப்பி விட்டார். “இந்த நாற்காலியில் எனக்குப் பின் அமர ஆளில்லை” என்று அவர் சொன்னபோது அதில் வருத்தத்தை விட வியப்பே மிகுந்திருந்தது.

தேடிய வழியும் கிடைத்த பொருளும்

புதிதாகத் தொடங்குவோர் அறிய வேண்டிய முதற்பாடத்தை அவரே எனக்குச் சொன்னார். கடிகாரத்தின் பெயரைச் சொல்லி உறுப்புக் கேட்கக் கூடாது. முகப்பில் உள்ளது விற்பனைப் பெயர். உள்ளே தகட்டில், சமன்சக்கரத்தின் அருகில் பொறித்திருக்கும் எண்ணே அதன் குலப்பெயர். எங்கள் ‘ஜனதா’வில் 0231 என்றிருந்தது. அதே எண் ‘பைலட்’ முதலிய வேறு பெயருடைய கடிகாரங்களிலும் உண்டு. ஆகவே ‘ஜனதா’வின் உறுப்பை ‘பைலட்’டிலும் தேடலாம். இவ்வியக்கம் சிட்டிசன் வடிவமைப்பின் வழி வந்ததாதலால் பழைய சிட்டிசன் உறுப்புகளையும் பார்க்கலாம். ஆனால் அளந்து ஒப்பிடாமல் வாங்கலாகாது.

இப்பாடத்தை நான் கேட்டும் கைக்கொள்ளவில்லை. பெங்களூரின் பழம்பொருள் சந்தை ஒன்றில் ‘ஜனதா’ என்னும் பெயரைக் கண்ட மகிழ்ச்சியில் மூடியைத் திறந்து பாராமலே ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் திறந்தால் உள்ளே வேறு எண். முகப்புக்குப் புது வண்ணம் பூசி, பல கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கிய கலவை அது. பழங்கடிகாரங்களுக்கு மதிப்பு ஏறியபின் இத்தகையவை சந்தையில் மலிந்துள்ளன. பளபளக்கும் புது முகப்பைக் கண்டால் ஐயுற வேண்டும் என்பது என் செலவில் கற்ற இரண்டாம் பாடம்.

இரண்டாம் முறை கண்ணாடி உடைந்து, முள் இழந்து, துருவேறிய ஒன்றைத் தேர்ந்தேன். விற்பவரின் அனுமதியுடன் மூடியைத் திறந்து எண்ணைப் படித்தேன். மெல்ல அசைத்தபோது சமன்சக்கரம் தடையின்றி ஆடிற்று. வெளியழகு முற்றும் இழந்த அதனுள் வேண்டிய உறுப்பு பழுதின்றி இருந்தது. சமன்சக்கரத்தையும் மயிரிழைச் சுருளையும் தனித்தனியே பிரித்து மாற்றுவது புதியவர் செய்யத் தக்க செயலன்று. அவை ஒன்றுக்கொன்று இசைவாகச் சேர்த்து அமைக்கப்பட்டவை. எனவே இரண்டையும் சேர்த்து ஒன்றாகவே எடுத்து வைக்குமாறு பெரியவர் பணித்தார். முறுக்குச் சுருளோ அவர் கடையிலேயே கிடைத்தது. பழைய பிஸ்கட் தகரப் பெட்டியில், எண்ணும் அளவும் எழுதிய தாளில் மடித்து வைத்திருந்தவற்றுள் ஒன்று. அகலமும் கனமும் நீளமும் மூன்றும் ஒத்திருந்தாலன்றி அது பயன்படாது. ஒத்திருந்தது.

உறுப்புகளைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து, ஊசி முனையளவு எண்ணெய் இட்டுக் கோத்தோம். கோத்தோம் என்பது என் ஆசை. கோத்தவர் அவர், அருகிருந்து தட்டில் எடுத்துக் கொடுத்தவன் நான். சாவி கொடுத்ததும் சமன்சக்கரம் துடிக்கத் தொடங்கிற்று. அவர் அதைக் காதருகில் வைத்துக் கேட்டுவிட்டு என் காதில் வைத்தார். சுபுஹுக்குப் பின் அத்தாவின் மடியில் தலை வைத்துக் கேட்ட அதே ஓசை. முதல் நாள் நான்கு நிமிடம் முந்திற்று. மூன்று முறை திருத்திய பின் ஒரு நிமிடத்துக்குள் நின்றது.

எழுதி வைத்தல் என்னும் கடமை

பெரியவரின் தகரப் பெட்டியை நான் மறக்க முடியவில்லை. அதிலுள்ள ஒவ்வொரு மடிப்பின் மீதும் எழுதியிருப்பது அவருக்கு மட்டுமே விளங்கும் குறியீடு. அவருக்குப் பின் அந்தப் பெட்டி பழைய இரும்புக்குப் போகும் குப்பையே. ஆகவே அவர் இசைவுடன், இரண்டு மாத காலம் வாரம் ஒரு நாள் அமர்ந்து, எந்த உறுப்பு எந்த எண்ணுக்குரியது, எதற்கு மாற்றாக எதை இடலாம் என்பதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். முதலில், “இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள்?” என்று சிரித்தவர், இப்போது நான் வரத் தாமதித்தால் கடைத் தெருவை எட்டிப் பார்க்கிறார். ரித்வான் எழுதிய நூலைப் பற்றி அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அவர் தகப்பனார் கொடுத்து வைத்தவர்” என்றார்.

நம் சமூகத்தில் கைத்தொழில் அறிந்த பெரியவர்கள் இன்னும் பலர் இருக்கின்றனர். பூட்டு, தையல் இயந்திரம், கடிகாரம், அத்தர், கப்பல் தச்சு என எத்தனையோ துறைகள். அவர்களுடைய அறிவு அவர்களுடைய விரல்களில் இருக்கிறது. அதனைத் தாளுக்குக் கொண்டு வருதல் படித்த தலைமுறையின் மீதுள்ள கடன். பெரிய நூல் வேண்டுவதில்லை. நாற்பது பக்கக் குறிப்பேடு போதும்.

சென்ற ரமலானுக்கு முன் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பின் கடிகாரத்தை ஜமாஅத் தலைவரிடம் ஒப்படைத்தேன். பள்ளியில் இப்போது ஐவேளை நேரத்தையும் சிவப்பு எழுத்தில் காட்டும் மின்பலகை இருக்கிறது. அத்தாவின் கடிகாரத்திற்கு அங்கே வேலை ஒன்றுமில்லை என்றே எண்ணினேன். ஆயினும் இன்றைய மோதினார் இளைஞர். அவர் அதனை வாங்கித் தம் கையில் கட்டிக் கொண்டு, எப்போது சாவி கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

“சுபுஹு முடிந்ததும்” என்றேன்.